கண்ணாடியில் இல்லாதவர்கள்

நான் பின்னுக்கு நடக்கிறவன்.
காலை ஏழிலிருந்து இருட்டும் வரை
டிப்பருக்கு முதுகு இருக்கிற பக்கம்தான் எனக்கு முகம்.
"எண்ட, எண்ட, எண்ட" என்று கூப்பிடுவேன்.
"ஹரி" என்றால் போதும்.
உள்ளங்கையை விரித்தால் பதினாறு தொன் நிற்கவேண்டும்.
வாழ்க்கையில் முன்னுக்கு வா என்று சொன்ன மாமனாருக்கு
இந்தத் தொழிலை இன்னும் விளக்கவில்லை.

கொம்பனித்தெருவில், பேரே வாவி நாறுகிற வளவு.
நாற்பத்தொரு மாடி வரப்போகிறதாம்.
இப்போதைக்குக் குழி. குழியைச் சுற்றிச் சேறு.
ஆட்கள் நடக்கவென்று மஞ்சள் கோடு கீறியிருந்தார்கள்.
கோடு வேலியோரம் வளைந்து வளைந்து போனது.
தேத்தண்ணிக் கொட்டில் நேரே இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு சோடி பூட்ஸ்
எந்தப் பக்கம் போயிருக்கும் என்று
நான் சொல்லத் தேவையில்லை.
கோட்டில் நடந்தது ஒரு பூனை மட்டும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
பெக்கோ ஒரு பக்கம் பீப்,
கிரேன் ஒரு பக்கம் பீப்,
மூன்று டிப்பரும் பீப்.
எல்லாம் கத்தினால் எதுவும் கத்தவில்லை.
சோற்றுப் பார்சல் கொண்டுவருகிற பெண்,
இரண்டு கையிலும் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்,
விமலசிறியின் சில்லுக்குப் பின்னால் குறுக்கே வந்தாள்.
கையை விரித்தேன்.
அவனுடைய கண்ணாடியில் அந்த நேரம்
நானும் இல்லை.
பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தால்
பெயர் தெரியாது.
ஒரு வருடமாய் அவள் சமைத்ததைத் தின்றவன்
"ஏய் பார்சல்!" என்றுதான் கத்தினேன்.

அவள் பாய்ந்தாள். பைகள் பாயவில்லை.
பதினெட்டுப் பார்சல்.
சில்லின் தடத்தில் பருப்பு, போஞ்சி, கருவாடு,
நாலு மடிப்போடு லன்ச் ஷீட்.
விமலசிறி இறங்கிவந்து குனிந்து பார்த்தான்.
மஞ்சள்தான், சிவப்பில்லை என்று
விரலால் தொட்டு நிச்சயப்படுத்திய பிறகு
சேற்றிலேயே குந்தி அழுதான்.

பவுசியா. அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் சேஃப்டி மிஸ் நிரோமி வந்தா.
கூட்டம் போட்டு ஏசுவா என்று நின்றோம்.
ஏசவில்லை.
என்னை டிப்பர் சீட்டில் ஏற்றினா.
ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்தி
எத்தனை பேர் தெரிகிறது என்று கேட்டா.
இடது கண்ணாடியில் சிமெந்து மூட்டை.
வலதில் வானம், கம்பியில் ஒரு காகம்.
ஒன்பது பேரும் சிரிப்பது கேட்கிறது.
கந்தப்பளை நேசராசா இருமுவதுகூடக் கேட்கிறது.
ஆளில்லை.

நாலு வருடமாய் நான் நின்ற இடம் அது.

பிறகு பெரிதாய் ஒன்றும் நடக்கவில்லை.
தேத்தண்ணிக் கொட்டிலைக் கழற்றிக்கொண்டுபோய்
மஞ்சள் கோடு முடிகிற இடத்தில் பூட்டினார்கள்.
அவ்வளவுதான்.
விடிந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு சோடி பூட்ஸும்
கோட்டில் போகின்றன,
ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல.
பூனைக்குத்தான் கோபம்.

நான் இப்போது
கண்ணாடிக்குள் விமலசிறியின் கண்ணைத் தேடி எடுத்து,
அவன் தலை அசைந்த பிறகே
முதல் அடி வைக்கிறேன், பின்னுக்கு.
அவன் முகம் எனக்குத் தெரியாவிட்டால்
அவனுக்கு நான் செத்தவன்.

இது கேட்டுக்கு உள்ளே.
ஆறு மணிக்கு வெளியே வந்து
மட்டக்குளி பஸ்ஸுக்குக் கையை விரித்தால்
அது நிற்பதில்லை.

பதினெட்டுப் பார்சலின் காசு
இன்னும் கம்பனியில்தான் இருக்கிறது.
பவுசியா போனைப் பைக்குள் போட்டுவிட்டு
கோட்டில் வருகிறாள், வேகமாய், முணுமுணுத்துக்கொண்டு.
என் பெயரை அவள் கேட்கவில்லை.
தூரத்திலிருந்தே "ஏய் பச்சைக்கொடி" என்கிறாள்.
நான் திரும்புகிறேன்.